வெளியே சூடு, உள்ளே ஈரம்: மும்பை மழையில் படுக்கை விரிப்பை உலர்த்துவது

டிரையர் இருந்தால் மழைக்காலத்தில் துணியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். சட்டை, பனியன், குழந்தைகளின் உடுப்பு வரைக்கும் அது உண்மைதான். படுக்கை விரிப்பு என்று வந்துவிட்டால் அந்த இயந்திரம் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. ஒரு டபுள் பெட்ஷீட், ஒரு போர்வை, இரண்டு தலையணை உறைகள் போட்டு ஓட்டினால், கடைசியில் கதவைத் திறக்கும்போது கையில் வருவது ஓர் உருண்டை. மேல் சுற்று மொறமொறவென்று சுடும். பிரித்துப் பார்த்தால் நடுவில் நனைத்த ஈரம் அப்படியே இருக்கும். தலையணை உறைகள் இரண்டும் பெட்ஷீட்டின் எலாஸ்டிக் மூலைக்குள் புகுந்து, போட்டபோது இருந்த அதே ஈரத்தோடு சுருண்டு கிடக்கும். இயந்திரமோ 'முடிந்தது' என்று மணியடித்துவிட்டு நின்றிருக்கும்.

எங்கள் வீட்டில் இது வெறும் எரிச்சலோடு போகவில்லை. செம்பூரில் இரண்டு அறை கொண்ட வீடு. அம்மா பக்கவாதத்தால் படுத்த பிறகு விரிப்பு மாற்றுவது தினசரி வேலையாயிற்று. சில நாள்களில் இரவிலும் மாற்ற வேண்டியிருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஈரமும் சுருக்கமும் எதிரிகள். நனைந்த தோல் ஊறி மெலிகிறது. துணியின் மடிப்பு அந்த இடத்திலேயே அழுத்திக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் படுக்கைப் புண்ணுக்கு வழி திறந்துவிடும். அம்மாவுக்கு இடப்பக்கத்தில் உணர்ச்சி குறைவு. விரிப்பின் அந்தப் பக்கம் ஈரமாக இருந்தாலும் அவரால் உணர்ந்து சொல்ல முடியாது. அதனால்தான் 'ஏறக்குறைய காய்ந்துவிட்டது' என்பதை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்வதில்லை.

மும்பையில் இருப்பவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வானிலைத் துறையின் கணக்கில் பருவமழை இங்கே ஜூன் 11-ஐ ஒட்டித் தொடங்கி அக்டோபர் 8 வாக்கில்தான் விலகுகிறது. ஜூலையில் மட்டும் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஜன்னல் கிரில்லில் துணி போட்டால் சாரல் அடிக்கும். கீழ் வீட்டில் சொட்டுகிறது என்று சொசைட்டியில், அதாவது குடியிருப்போர் சங்கத்தில், புகார் வரும். துணி காயப்போடுவதற்கென்றே ட்ரை பால்கனி என்று ஒன்று இருக்கிறது. அதில் வாஷிங் மெஷின் போக மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு புடவையைக்கூட முழுதாக விரிக்க முடியாது. கூரையில் கப்பி வைத்துத் தொங்கவிட்ட கம்பிகளில் போட்ட பெட்ஷீட் இரண்டு நாள் ஆனாலும் காயாமல் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் பிறகுதான் டிரையர் வாங்கினோம். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அக்கம்பக்கத்தில் வேறு வேறு கம்பெனி இயந்திரங்கள் வைத்திருப்பவர்களிடமும் விசாரித்துவிட்டேன். எல்லா வீட்டிலும் உருண்டை ஒன்றுதான்.

பழுது என்று நினைத்து முதலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மெஷினில் குறை எதுவும் இல்லை, துணியைக் குறைத்துப் போடுங்கள்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். குறைத்துப் போட்டோம். அப்போதும் சுருண்டது. ஒரே ஒரு பெட்ஷீட்டைத் தனியாகப் போட்டாலும் சுருண்டது. அதன் பிறகுதான் இயந்திரம் உள்ளே என்ன செய்கிறது என்று உட்கார்ந்து கவனித்தேன்.

வீட்டு டிரையரின் டிரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. நிமிடத்துக்கு 50 சுற்று அளவில் சுழல்கிறது. உள்சுவரில் உள்ள துடுப்புகள் துணியை மேலே தூக்கிச் சென்று விட, அது சூடான காற்றின் ஊடாகக் கீழே விழுகிறது. விழும்போது விரிகிறது, விரியும்போது காற்று புகுந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு போகிறது. சட்டைக்கு இது சரிப்படும். பெட்ஷீட்டின் நீளமோ இரண்டரை மீட்டர். அது முழுதாக விழுந்து விரிய அந்த டிரம்முக்குள் இடமே இல்லை. ஒரு முனை கீழே விழும்போது இன்னொரு முனையைத் துடுப்பு மேலே இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு முறுக்கு விழுகிறது. டிரம் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருப்பதால் அடுத்தடுத்த சுற்றில் அந்த முறுக்கு கயிறு திரிப்பதுபோல இறுகிக்கொண்டே போகிறது. அருகில் இருக்கும் சின்னத் துணிகளையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

எதிர்த் திசையிலும் சுற்றும் இயந்திரங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஓரளவு உதவவும் செய்கின்றன. ஆனால் பெரும்பாலான வீட்டு டிரையர்களில் டிரம்மைச் சுழற்றுவதும் காற்றைத் தள்ளும் விசிறியை ஓட்டுவதும் ஒரே மோட்டார்தான். திசை மாறினால் விசிறியும் மாறிச் சுற்றும், காற்றோட்டம் குறைந்துவிடும். அதனால் எதிர்ச்சுற்றைச் சில நொடிகளுக்கு மட்டும் வைத்துவிட்டு மறுபடி பழைய திசைக்கே போய்விடுகிறார்கள். பல நிமிடங்களாக ஏறிய முறுக்கைச் சில நொடிகள் எப்படி அவிழ்க்கும்?

காய்ந்துவிட்டது என்று மணியடிப்பதற்குக் காரணம் சென்சார். டிரம்முக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி அவற்றின் மேல் படும்போது மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும்; காய்ந்த துணி பட்டால் பாயாது. உருண்டையாகிவிட்ட விரிப்பில் பட்டையைத் தொடுவது வெளிச்சுற்று மட்டும்தான். அது காய்ந்துவிட்டால் எல்லாமே காய்ந்ததாக இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. பெட்ஷீட்டுக்கு 'தானியங்கி' முறையை நம்பவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நேரத்தை நாமே குறித்து ஓட்டும் முறை இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

எனக்கு வழி காட்டியது தாராவியில் லாண்டரி வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். லாட்ஜுகளுக்கும் சின்ன மருத்துவமனைகளுக்கும் விரிப்பு வெளுத்துக் கொடுப்பவர். அவரிடம் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய டிரையர் இருப்பதைப் பார்த்து, "உங்களுக்குச் சுருளுவதில்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சுருளாமல் என்ன செய்யும் தம்பி? நாங்கள் பெட்ஷீட்டை அதில் காயவைப்பதே இல்லை" என்றார். "துண்டைத்தான் அதில் முழுக்கக் காயவைப்போம். பெட்ஷீட்டை ஹைட்ரோவில் பிழிந்து, இதில் போட்டுக் கொஞ்ச நேரம் உதறவிட்டு எடுத்துவிடுவோம். மிச்சம் எல்லாம் கேலண்டர் பார்த்துக்கொள்ளும்."

ஹைட்ரோ என்பது அதிவேகத்தில் சுழன்று தண்ணீரை வெளியேற்றும் தொட்டி. கேலண்டர் என்பது சூடான உருளை. ஈரப்பதத்தோடு இருக்கும் விரிப்பை இருவர் விளிம்பைப் பிடித்து உள்ளே கொடுத்தால், மறுபக்கம் காய்ந்து இஸ்திரி போட்டதாக வெளியே வரும். பெரிய ஓட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் நடப்பது இதுதான். விரிப்பின் ஈரத்தை முழுக்க டிரம்முக்குள்ளேயே போக்க வேண்டும் என்று அவர்கள் முயற்சி செய்வதே இல்லை. இந்த ஒரு செய்தியை டிரையரோடு வரும் புத்தகத்தில் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் எத்தனை வீடுகளில் நேரமும் மின்சாரமும் மிச்சமாகியிருக்கும்! மகாலட்சுமி ரயில் நிலையத்துப் பாலத்திலிருந்து 'தோபி காட்' என்ற திறந்தவெளிச் சலவைத் துறையைப் பார்த்தவர்களுக்கும் இது விளங்கும். 1890-இல் கட்டப்பட்ட அந்தத் துறையில் இரட்டைப் புரியாக முறுக்கிய கயிறுகளுக்கு இடையே துணியின் விளிம்பைச் செருகி, வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் தன் முழு அகலத்துக்கு விரிந்து இரண்டு பக்கமும் காற்று வாங்கும். விரிப்பு காய்வதற்கு முதல் தேவை விரிந்திருப்பது. சூடு அதற்கு அடுத்ததுதான்.

அண்ணாச்சியின் முறையை வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம். முதல் மாற்றம் டிரையரில் நடக்கவில்லை, வாஷிங் மெஷினில் நடந்தது. பிழியும் வேகத்தைக் கூட்டினோம். நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்த பருத்தித் துணியில் அதன் உலர்ந்த எடையில் 70 சதவீதத்தை ஒட்டித் தண்ணீர் மிஞ்சியிருக்கும். 1400 சுற்றில் அது 50 சதவீத அளவுக்கு இறங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 0.65 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே தண்ணீரைச் சுழற்றி வெளியேற்றுவதற்கு ஆகும் செலவு அதில் மிகச் சிறு பங்கு. பல இயந்திரங்களில் 'பெட்டிங்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் பிழியும் வேகம் தானாகக் குறைந்துவிடும். பஞ்சு வைத்துத் தைத்த தடித்த போர்வையான ரஜாய்க்கு அது சரி. சாதாரண விரிப்புக்கு அந்த முறை வேண்டாம், பருத்தி முறையில் போட்டு வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிழிந்த விரிப்பை அப்படியே வாரி டிரையருக்குள் திணிக்கக் கூடாது. வாஷிங் மெஷினிலிருந்து வரும்போதே அது பாதி முறுக்கிக்கொண்டுதான் வருகிறது. மேலிருந்து துணி போடும் இயந்திரங்களில், அடியில் உள்ள வட்டு முன்னும் பின்னும் சுழற்றுவதால், முறுக்கு இன்னும் அதிகம். ஒவ்வொரு விரிப்பையும் தனியாக எடுத்து, முடிந்தால் இருவர் நின்று, நான்கு முனை பிடித்து உதற வேண்டும். பிறகு ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு தளர்வாக உள்ளே விட வேண்டும். மடித்தும் போடக் கூடாது. மடிப்பு மடிப்பாகவே சுற்றும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு விரிப்பை உள்ளே தனியாக விடுவதில்லை. நிறுத்தி, வெளியே எடுத்து, முறுக்கை அவிழ்த்து உதறி, உள்ளே இருந்த பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டுகிறோம். அதன் பிறகும் முழுக்கக் காயும்வரை காத்திருப்பதில்லை. தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற நிலையில் எடுத்துக் கூடத்தில் இரண்டு நாற்காலிகளின் முதுகில் விரித்து மின்விசிறியை ஓடவிடுகிறோம். அடைமழை நாளிலும் சமையல் முடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. டிரையர் பெரும்பகுதித் தண்ணீரை எடுத்துவிட்டதால் பூஞ்சை வாடைக்கு இடமில்லை. நேரம் பார்த்து எழுந்துபோய் உதறிப் போடுவது தொந்தரவுதான், மறுக்கவில்லை. உருண்டையை மூன்று முறை திரும்பத் திரும்ப ஓட்டுவதைவிட இது குறைந்த தொந்தரவு.

விரிப்போடு துண்டுகளைச் சேர்த்துப் போடுவதை நிறுத்திவிட்டோம். துண்டு அதிக ஈரம் பிடித்து வைத்திருக்கும், எடையும் அதிகம். அதைச் சுற்றிப் பெட்ஷீட் சுருட்டிக்கொண்டால் இரண்டுமே காயாது. தலையணை உறைகளைத் தனியாகச் சேர்த்து வைத்து ஒரே சுற்றாகப் போடுகிறோம். ரஜாயின் உறையாக இருந்தால் பொத்தான் போட்டு அல்லது ஜிப் மூடி அனுப்புவது அவசியம். திறந்திருந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கிவிடும். துணி சுருளாமல் தடுக்குமா என்று கம்பளிப் பந்துகளும் டென்னிஸ் பந்துகளும் போட்டுப் பார்த்தோம். துண்டுகளிடையே அவை நன்றாக வேலை செய்கின்றன. பெரிய விரிப்பில் அவையும் உள்ளே அகப்பட்டுக்கொள்கின்றன. நான்கு மூலைகளையும் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் தகடுகள் வெளிநாட்டில் கிடைக்கின்றன; நான் பயன்படுத்தியதில்லை. மூலைகளை முடிச்சுப் போட்டு அனுப்பச் சொல்பவர்களும் உண்டு. முடிச்சு இருந்த இடம் நனைந்தே இருக்கும் என்பதால் எங்கள் வீட்டுக்கு அது உதவாது.

எலாஸ்டிக் வைத்த பெட்ஷீட்டை மழைக்காலம் முழுக்க அலமாரியில் வைத்துவிட்டோம். நான்கு மூலையிலும் நான்கு பைகள் இருக்கும்போது அது வேறு எப்படி நடந்துகொள்ளும்? சூடு பட்டுப் பட்டு எலாஸ்டிக்கும் தளர்ந்துவிடுகிறது. சாதாரண விரிப்பையே மெத்தைக்கு அடியில் மூலை மடித்து இறுக்கிச் செருகினால் சுருங்காமல் நிற்கிறது. அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் மாவ்ஷி. மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்த மராத்திப் பெண்மணி.

அவர் இன்னொன்றும் செய்தார். அதற்கு நான் என்றைக்கும் நன்றி உடையவன். "தினமும் முழு விரிப்பையும் எதற்குத் துவைக்கிறீர்கள்?" என்று கேட்டு, பழைய பருத்தி டபுள் பெட்ஷீட்டுகளை எடுத்துக் குறுக்காக மூன்றாக வெட்டச் சொன்னார். தெருமுனைத் தையல்காரர் விளிம்பு மடித்துத் தைத்துக் கொடுத்தார். முதுகிலிருந்து தொடைவரை வரும் அகலத்தில் படுக்கைக்குக் குறுக்கே போடும் இந்த விரிப்புக்கு மருத்துவமனைகளில் டிரா ஷீட் என்று பெயர். நனைவது பெரும்பாலும் இதுதான். அடியில் நீர்புகாத் துணி இருப்பதால் பெரிய விரிப்பு தப்பிவிடுகிறது. நோயாளியைப் புரட்டவும் மேலே நகர்த்தவும்கூட இதைப் பிடித்துத் தூக்கலாம். டிரையருக்குள் இது துண்டைப் போலத்தான்; விழுந்து, விரிந்து, முழுக்கக் காய்கிறது. இரவில் அவசரமாக ஒன்று வேண்டும் என்றாலும் பயமில்லை. முதியவர்களைப் பராமரிக்கும் வீடுகளில் இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

சோலாப்பூர் சாதர் இல்லாத மும்பை வீடு குறைவு. எங்களிடமும் இருக்கிறது, கூடவே ஊரிலிருந்து வந்த சென்னிமலைப் போர்வைகளும் இருக்கின்றன. தடித்த நூலில் நெய்த இந்தப் போர்வைகளை வீட்டு டிரையரில் போட வேண்டாம். தண்ணீர் பிடித்த எடையில் இறுகி டிரம்மில் மடார் மடார் என்று மோதும். சூட்டில் சுருங்கவும் செய்யும். எங்கள் வீட்டில் அவை அண்ணாச்சியிடம்தான் போகின்றன.

பாதுகாப்பைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் நோயாளிக்கு எண்ணெய் தடவிப் பிடித்துவிடுவது வழக்கம். அந்த எண்ணெய் விரிப்பில் ஊறுகிறது. துவைத்தாலும் முழுக்கப் போவதில்லை. எண்ணெய் ஊறிய பருத்தித் துணியைச் சூடாக்கினால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானாகவே மேலும் சூடேறும். உருண்டையாகச் சுருண்டிருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கூடிக்கொண்டு போய்த் தீப்பிடிக்கக்கூடும். எண்ணெய் பட்ட விரிப்பை நாங்கள் டிரையரில் போடுவதே இல்லை. இடையில் நிறுத்தினால் சூடான துணியைக் குவியலாக உள்ளேயே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகவும் கூடாது. உடனே எடுத்து விரித்துவிட வேண்டும். ரப்பர் ஷீட்டும் நுரை ரப்பர் வைத்த எதுவும் உள்ளே போகக் கூடாது. பஞ்சு பிடிக்கும் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைப்பது கட்டாயம். பழைய பருத்தி விரிப்புகள் நிறையப் பஞ்சு உதிர்க்கும். அது அடைத்தால் காற்று போகாது. சூடு மட்டும் ஏறும். ரத்தக்கறை, மலக்கறை இருந்தால் குளிர்ந்த நீரில் முதலில் அலசி, கறை முழுக்கப் போனதா என்று பார்த்த பிறகே டிரையர். சூடு பட்ட கறை பிறகு போகாது.

புதிதாக வாங்குபவர்கள் கடையில் சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். டிரம் எதிர்த் திசையில் சுற்றுமா, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை? நேரம் வைத்து ஓட்டும் முறை இருக்கிறதா? நடுவில் கதவைத் திறந்து மூடினால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து ஆரம்பிக்குமா? கொள்ளளவைப் பார்க்கும்போது கிலோ கணக்கில் ஏமாற வேண்டாம். டபுள் பெட்ஷீட்டின் எடை ஒரு கிலோகூட இருக்காது. ஆனாலும் 7 கிலோ டிரம்மில் இரண்டுக்கு மேல் போட்டால் விரிய இடம் இருக்காது. ஈரக்காற்றை வெளியே தள்ளும் வகையை வாங்கினால் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட வசதி வேண்டும். இல்லையென்றால் அந்த ஈரம் முழுக்க வீட்டுச் சுவரில் படியும். காற்றின் சூட்டை வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகை விலை கூடுதல். மின்சாரம் ஏறக்குறைய பாதிதான் ஆகும்; சூடும் குறைவு என்பதால் துணி அவ்வளவாகக் கெடுவதில்லை. ஆனால் அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், உருண்டை அதிலும் வரும். துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே இயந்திரத்தில் வேண்டும் என்றால் இரண்டு எண்களையும் பாருங்கள். 8 கிலோ துவைக்கும் இயந்திரம் பெரும்பாலும் 5 கிலோதான் உலர்த்தும். துவைத்த விரிப்புகளில் பாதியை வெளியே எடுத்துவிட்டுத்தான் உலர்த்தும் முறையை ஓட்ட வேண்டும்.